முதல் பாடம் அவிழ்ப்பது

பாலா,

முதலில் பிள்ளைகளின் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் தங்கை சுமதியின் மகன் கார்த்திக்குக்குக் காட்டாங்குளத்தூர் காலேஜில் கடைசி வருஷம் முடிவதற்கு முன்னாலேயே வேலை கிடைத்துவிட்டது. அவள் மகள் மித்ரா நீச்சலில் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்திருக்கிறாள். வண்டலூரில் அவர்கள் இருக்கும் பிளாட்டில் கீழே போர்டில் பெயர் எழுதியிருக்கிறார்களாம். உன் மகள் யாழினி பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு என்று கவிதா சொன்னாள். உன் சின்னவன் மஸ்கட்டில் பேச்சுப் போட்டியில் தமிழிலேயே பேசிக் கோப்பை வாங்கியிருக்கிறான். பாலைவனத்தில் பிறந்த பிள்ளை! தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன். பால் பூத்தில் சொன்னேன். ரேஷன் கடை வரிசையில் சொன்னேன். கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடமும் சொன்னேன். அவள் இறங்கும் இடத்தைத் தவறவிட்டிருப்பாள், பாவம். வாய் தானாகச் சொல்கிறது. முன்பெல்லாம் சொல்லும்போது நெஞ்சுக்குள் ஒன்று பொங்கும். இப்போது அடுப்பு எரிகிறது, நானும் பக்கத்திலேயே நிற்கிறேன், பால் அப்படியே இருக்கிறது.

நீ என்னோடு பேசி நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது. கவிதாதான் போன் செய்கிறாள். போன வாரம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அத்தை, அவர் ரொம்ப மனசு ஒடஞ்சு இருக்கார். வருஷம் திரும்புற வரைக்கும் அந்த கிளாஸ நிறுத்திடச் சொல்றார். இல்லேன்னா மாமாவோட வருஷத் திதிக்கு அங்க வரமாட்டாராம், இங்கயே கொடுத்துக்கறேங்கறார்." அதற்கு நான், "யாழினி சாப்பிட்டாளா?" என்று கேட்டேன். போனில் எனக்குப் பேச வராது பாலா. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எழுதினால் கொஞ்சம் வரும். அதனால்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி. ஆபீசில் வைத்துப் படிக்காதே.

இந்தக் குரோஷா பின்னல் வகுப்பு எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. நீயாக என்னென்னவோ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் அப்பாவின் காரியம் முடிந்து, நீ கிளம்பிப் போய், சுமதியும் வண்டலூர் போன பிறகு, பின்தெருவில் இருக்கிற விசாலாட்சி டீச்சர் துக்கம் விசாரிக்க வந்தார். அவரை உனக்குத் தெரியும், ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிடையர் ஆனவர், என்னைவிட நாலு வயது மூத்தவர். மூட்டு வலியால் காரியத்துக்கு வர முடியவில்லை என்றார். அதைச் சொன்ன பிறகு அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கும் இல்லை. இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வந்தவர்களெல்லாம் என்னைக் கட்டிக்கொண்டு, "அழுதுடுக்கா, உள்ள வச்சிக்காதே, நெஞ்ச அடைச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. உன் அப்பாவை ஹாலில் கிடத்தியிருந்தபோது கூட, கேஸ் தீரப் போகிறதே, இத்தனை பேருக்குக் காப்பி போட வேண்டுமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

டீச்சரால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. நாற்பது வருஷம் வகுப்பில் பேசியே பழகியவர். டீவி மேல் நான் பாதி பின்னிப் போட்டிருந்த உறையைப் பார்த்து, "இது எப்படிப் பண்றது?" என்று கேட்டார். தெரிந்துகொள்ளக் கேட்டதில்லை அது, ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டது. நானும் ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஊசியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நுனியில் கொக்கி வைத்த ஒற்றை ஊசி. நூலில் ஒரு சுருக்குப் போட்டு, கொக்கியில் நூலை மாட்டி, சுருக்குக்குள்ளே இழுத்தால் ஒரு கண்ணி. அதற்குள்ளே இன்னொன்றை இழுத்தால் இன்னொரு கண்ணி. குரோஷாவில் எல்லாமே இதற்குள்ளேதான் இருக்கிறது. டீச்சருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்று கண்ணி வந்தது. வேர்த்து விறுவிறுத்துப் போய், எழுந்து செருப்பு மாட்டும்போது, "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

சாவு வீட்டில் யாராவது போய்விட்டு வருகிறேன் என்பார்களா? சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போக வேண்டியதுதானே. சொன்ன பிறகுதான் டீச்சருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "தப்பா எடுத்துக்காதீங்க, பழக்க தோஷம்" என்றார். நான், "அதனாலென்ன, வாங்க" என்றேன். மறுநாள் காலை பதினோரு மணிக்கு, கையில் நாற்பது பக்க நோட்டோடு வந்து நின்றார். அதுதான் பாலா, வகுப்பு ஆரம்பித்தது. நான் போர்டு வைக்கவில்லை. யாரையும் கூப்பிடவில்லை.

அடுத்து வந்தது ஸ்டெல்லா. கேம்ப் ரோட்டில் டிபன் கடை வைத்திருப்பவள். நம் வீட்டில் அடுப்பு மூட்டாத அந்த நாட்களில் இட்லி கொண்டுவந்து கொடுத்தாளே, அவள்தான். பாத்திரம் வாங்க வந்தவள் டீச்சர் நூலோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். காலை வியாபாரம் முடிந்து, மாலைக் கடைக்கு முன்னால் அவளுக்கு ஓய்வு. அவள் பின்னாலேயே தேவராஜ் சாரும் அவர் சம்சாரமும். பஸ் கண்டக்டராக இருந்தவர். அப்பாவோடு காலையில் ஏரிக்கரையில் நடக்கப் போவார். தேவராஜ் சாருக்குப் பக்கவாதம் வந்து பிழைத்த பிறகு இடது கை விரல்களில் உணர்ச்சியே இல்லை. விரலுக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். 'ஆம்பளைங்க எல்லாம் வர்றாங்களாமே' என்று உனக்கு யாரோ சொன்னது இவரைத்தான். ஒரே ஓர் ஆம்பளை, அவரும் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்.

பாலா, ஆரம்பத்தில் எல்லாருமே நூலை இறுக்கித்தான் பிடிப்பார்கள். எங்கே நழுவிவிடுமோ என்று பயம். இறுக்க இறுக்கக் கண்ணி சுருங்கி, அடுத்த முறை கொக்கி உள்ளே நுழையாது. "விடுங்க, விடுங்க, நூல் எங்கயும் போகாது" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். டீச்சர் நான் சொல்வதை அப்படியே நோட்டில் எழுதுவார். எழுதிவிட்டு, "நீங்க சொல்றதுல எழுவாயே இல்லையேம்மா, யார் எதை விடணும்?" என்பார். ஸ்டெல்லா விடமாட்டாள்.

"டீச்சர், எழுதுனா கண்ணி வருமா? என்னாண்ட பாருங்க, பத்து வந்துட்ச்சி."

"பத்து இல்லை, எட்டு. நான் எண்ணினேன்."

"பென்சன் வாங்கியும் எண்றத விடல பாரு! அம்மா, இந்த நூல் என் கைல மாட்டிகினு கீதா, நான் இது கைல மாட்டிகினு கீறனா, ஒண்ணும் பிரில."

"நான் முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்ச கைம்மா. இதுக்குக் கிழிக்கத்தான் தெரியும்" என்பார் தேவராஜ் சார்.

"அப்ப என்னைக் கல்யாணம் பண்ணின அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல" என்பார் அவர் சம்சாரம்.

இப்படித்தான் போகும். இரண்டு நாள், மூன்று நாள், ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு நேரத்தில், எப்போது என்று சொல்ல முடியாது, கைக்குப் புரிந்துவிடும். தலைக்குப் புரிவதற்கு முன்னாலேயே கைக்குப் புரிந்துவிடும். பேச்சு நின்றுபோகும். உதடு லேசாகப் பிரிந்திருக்கும். கண்ணிகள் சங்கிலியாகி ஊசியிலிருந்து தானாக இறங்கி மடியில் விழுந்துகொண்டிருக்கும். எழுபது தாண்டிய ஹெட்மிஸ்ட்ரஸ் முகத்தில் அதைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்க்க எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். எனக்குள்ளே ஒன்றும் அசையவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் கண்ணெதிரே ஒருவருக்குச் சந்தோஷம் வருகிறது, அதற்கு என் கை காரணம் என்பது தெரிகிறது. அடுத்த வீட்டில் விளக்கு எரிந்தால் நம் சுவரிலும் கொஞ்சம் வெளிச்சம் விழுமே, அந்த மாதிரி.

நன்றாக ஒரு முழம் சங்கிலி வந்ததும், நான் முதல் பாடம் என்று ஒன்று வைத்திருக்கிறேன். ஊசியை உருவிவிட்டு, "இப்ப நூல் நுனியைப் பிடிச்சு இழுங்க" என்பேன். இழுத்தால் சரசரவென்று எல்லாம் அவிழ்ந்து, வெறும் நூலாகிவிடும். முடிச்சே மிஞ்சாது. எல்லாரும் அலறுவார்கள். இத்தனை பாடுபட்டதை அவிழ்க்கச் சொல்கிறாளே என்று. அவிழ்ந்த பிறகு பார்த்தால் நூல் முழுசாக இருக்கும். திரும்பப் பின்னலாம். அதற்கப்புறம் யாரும் இறுக்கிப் பிடிப்பதில்லை. ஆனால் ஒன்று, அவரவர் கையாலேயே இழுக்க வேண்டும். நான் தொட மாட்டேன். அது ஏன் என்று உனக்கு மட்டும்தான் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லாமல் இருந்தேன்.

தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது, உனக்கு ஒன்பது வயது. அரைப் பரீட்சை லீவில் நீயும் என் பக்கத்தில் உட்கார்ந்து ஊசி பிடித்தாய். சங்கிலி மட்டும்தான் தெரியும். அதையே பத்து நாள் பின்னினாய். பீரோ கைப்பிடியில் கட்டி, ஜன்னல் கம்பி வழியாக இழுத்து, ஹாலைச் சுற்றி வந்து கதவு வரைக்கும். வீட்டுக்குள் ரயில் தண்டவாளம் போட்டிருக்கிறேன் என்றாய். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வேலை பார்க்கிற நாலைந்து பேர் வருவதாக இருந்தது. பையன் பொம்பளை வேலை செய்கிறான் என்று கேலி செய்வார்களே, அப்பாவுக்குத் தலைகுனிவாகுமே என்று எனக்கு. உன்னை வெற்றிலை பாக்கு வாங்க அனுப்பிவிட்டு, நுனியைப் பிடித்து இழுத்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. உருண்டையாகச் சுற்றி உள்ளே வைத்துவிட்டேன். நீ வந்து, "என் சங்கிலி எங்கம்மா?" என்று கேட்டாய். "அறுந்துபோச்சுடா. விடு, அப்பா பார்த்தா திட்டுவார்" என்றேன். நீ அழவில்லை. வாசலில் நின்ற அப்பாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு ஊசியைத் தொடவேயில்லை.

அவர்கள் போன பிறகு உன் அப்பா கேட்டார். "பையன் பின்னினது எங்கே? அவங்களுக்குக் காட்டலாம்னு இருந்தேனே." அறுந்துவிட்டது என்றே அவரிடமும் சொன்னேன். "அடடா, அவ்ளோ நீளம்! ரயில்வே கேரேஜில எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன்" என்றார். நான் இதை உனக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நான் அவிழ்த்தது தெரிந்துபோகும். அதனால் அப்பாதான் கண்டிப்பானவர், அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை என்று நீ நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நீ பெரியவனாகி அவரிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாமல் இருந்ததற்கெல்லாம் அந்தச் சங்கிலிதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதிலும் ஒரு கண்ணி நான் போட்டது. அவர் உயிரோடு இருக்கும்போது சொல்லாததை இப்போது சொல்கிறேன். என்னைத் திட்டு. அவரை அந்த ஒன்றில் விட்டுவிடு.

இனி அந்த நாளைப் பற்றி. அன்றைக்கு மாதத் திதி என்று எனக்குத் தெரியாது பாலா. உன் அப்பாவோடு வாழ்ந்த காலமெல்லாம் சம்பளம், ஷிப்ட், பண்டிகை அட்வான்ஸ் என்று தேதியைத்தான் பார்த்துப் பழக்கம். அவர் போனது பதினெட்டாம் தேதி. பதினெட்டாம் தேதிதான் என் மனதில் இருந்தது. திதி மாதாமாதம் முன்னால் நகர்ந்துகொண்டே வரும் என்பது தெரியாதவள் இல்லை. முதல் நாலு மாதமும் சுமதி முதல் நாளே போன் செய்து சொல்லிவிடுவாள். அந்த மாதம் அவள் கார்த்திக்கின் இன்டர்வியூ அலைச்சலில் இருந்தாள். ஐந்தாம் மாதம் திதி நாலைந்து நாள் முன்னாலேயே வந்து நின்றிருக்கிறது. நீ அங்கே லீவு போட்டு, குளித்து, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு, அம்மா தனியாக உட்கார்ந்திருப்பாளே என்று போன் செய்திருக்கிறாய்.

இங்கே அந்த நேரத்தில்தான் தேவராஜ் சாருக்கு முதல் முறையாகச் சங்கிலி ஓடியது. மூன்று மாதப் போராட்டம். வாயில் இரண்டு விரலை வைத்து விசில் அடித்து, "ரை ரைட், போலாம்!" என்று கத்தினார். ஸ்டெல்லா தரையில் உருண்டு சிரித்தாள். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் கையில் அவருடைய நூல் சிக்கியிருந்ததால் ஸ்டெல்லாவே போனை எடுத்து, "அண்ணா, அம்மா கிளாஸ் எடுத்துகினு கீறாங்க, இருங்க" என்று என் காதில் வைத்தாள். "இன்னைக்கு என்ன நாள் தெரியுமா?" என்று கேட்டாய். தெரியவில்லை என்றேன். "அப்பாவைக் கிடத்தியிருந்த எடத்துல எல்லாரும் உக்காந்து சிரிச்சுக்கிட்டிருக்கீங்க. உனக்கு ஒண்ணுமே தோணலையாம்மா?" என்றாய்.

நான் "தோணலைடா" என்றேன். நீ வைத்துவிட்டாய்.

நாளை மறந்தது என் தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பதினெட்டாம் தேதி நான் தனியாக இலை போட்டு, அவருக்குப் பிடித்த வாழைப்பூ வடையும் மொச்சைக் குழம்பும் வைத்துப் படைத்தேன். பிந்திப் போன சோறுதான், கோபித்துக்கொள்ள மாட்டார், ஷிப்ட் முடிந்து எந்த நேரத்தில் வந்தாலும் ஆறிப்போனதைச் சாப்பிட்டவர். ஆனால் 'தோணலை' என்று சொன்னது தப்பில்லை. அது நிஜம். நீ கேட்டதற்கு நிஜத்தைச் சொன்னேன். அதை அன்றைக்கு என்னால் விளக்கிச் சொல்ல முடியவில்லை. இப்போது முடியும் என்று நினைக்கிறேன்.

தேவராஜ் சாரின் இடது கை ஆள்காட்டி விரலில்தான் நூல் ஓட வேண்டும். அந்த விரலுக்கு உணர்ச்சி கிடையாது. முதல் நாள், "நூல் இருக்கா நழுவிடுச்சான்னே தெரியலம்மா. கிள்ளினாகூடத் தெரியாது. இந்தக் கையை வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார். "கைக்குத் தெரியலைன்னா கண்ணால பாருங்க. இருக்கான்னு பாத்துப் பாத்துப் போடுங்க" என்றேன். அப்படியே செய்தார். மற்றவர்கள் பேசிக்கொண்டே போடுவார்கள். அவர் ஒவ்வொரு கண்ணியையும் பார்த்துத்தான் போட வேண்டும். இப்போது வந்து பார், எங்கள் எல்லாரிலும் அவர் பின்னல்தான் ஒரே சீராக இருக்கிறது. விரல் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. உன் அப்பாவின் சட்டைகளை மடித்து வைக்கும்போதும், பென்ஷன் ஆபீஸில் விதவை என்று எழுதின இடத்தில் கையெழுத்துப் போட்டபோதும், பிள்ளைகளின் மார்க்கைத் தெருவெல்லாம் சொல்லும்போதும் நானும் அப்படித்தான் இருக்கிறேன். கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்கிறேன். எதையும் விட்டுவிடவில்லை. தினம் விளக்கேற்றுகிறேன். மாத்திரை போடுகிறேன். என்றைக்காவது உணர்ச்சி வரும்போது வரட்டும்.

அதனால் வகுப்பை நிறுத்த மாட்டேன் பாலா. பதினோரு மணிக்கு யாரோ வருவார்கள் என்றுதான் காலையில் எழுந்து தலை வாருகிறேன். துக்க வீட்டுக்கு யாரும் திரும்பி வருகிறேன் என்று சொல்லக் கூடாதுதான். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு ஒருத்தர் வந்தார். அதை நான் எப்படி வேண்டாம் என்பேன்? வருஷத் திதியன்று வகுப்பு கிடையாது. டீச்சர் பஞ்சாங்கம் பார்த்து எல்லா மாதத் திதியையும் தன் நோட்டில் சிவப்பு மையில் எழுதிவிட்டார். இனி தப்பாது. அந்த நாளில் வந்து உன் கையால் கொடு. நான் சமைக்கிறேன். கோபம் தீரவில்லையென்றால் கோபத்தோடே வா, அதற்கும் இங்கே இடம் இருக்கிறது. வரவே முடியாது என்றால் அங்கேயே கொடு. அதற்காக நான் உன்னிடம் பேசாமல் இருக்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏர்போர்ட்டில் மீசையும் இல்லாமல், மொட்டைத் தலையோடு, தோளில் பையை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாயே, அதுதான் நான் கடைசியாகப் பார்த்த உன் முகம். அதற்கப்புறம் வீடியோவில் வரும்போதெல்லாம் பிள்ளைகளைத்தான் காட்டினாய்; நீ போனைப் பிடித்துக்கொண்டிருப்பவன், உன் குரல் மட்டும்தான் வரும். கண்ணை மூடினால் எனக்கு அந்த மொட்டைத் தலைதான் தெரிகிறது. அதைப் பார்க்கும்போது உன்னைத் தெரியவில்லை, அப்பா இல்லை என்பதுதான் தெரிகிறது. இத்தனை மாதத்தில் முடி வளர்ந்திருக்கும், மீசையும் வந்திருக்கும். புதிதாக ஒரு போட்டோ எடுத்து, போனில் அனுப்பாமல், பேப்பரில் பிரிண்ட் போட்டு, கவரில் வைத்துத் தபாலில் அனுப்பு. பிள்ளைகள் வேண்டாம், கவிதா வேண்டாம். நீ மட்டும். சிரிக்கக்கூட வேண்டாம்.

அம்மா